கிட்மேன் கட்டிக்கொண்ட காப்பு

நம் தேசிய அணி மறுபடியும் ஆசியாவின் பெரிய காற்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்ற நாளிலிருந்து, ஈப்போ புந்தோங்கில் என்னால் நிம்மதியாக ஒரு தே ஓ, அதான் பால் போடாத தேநீர், குடிக்க முடியவில்லை. காதர் பாய் கடையில் காலை வைத்தால் போதும், எல்லா மேசையிலிருந்தும் ஒரே கேள்வி.

"அண்ணே, இந்தத் தடவ நம்ம டீம் தேறுமா?"

என்னமோ நான்தான் கோச் என்பதுபோல. நான் ஓய்வு பெற்ற கிட்மேன். ஆட்டக்காரர்களின் ஜெர்சி, சப்பாத்து, காலுறை, பந்து, தண்ணீர்ப் போத்தல் வரைக்கும் பொறுப்பு பார்த்தவன். மாநில அணியில் கொஞ்ச காலம், தேசிய அணியில் மிச்ச காலம் என்று ஊரார் வியர்வையைத் துவைத்தே தலை நரைத்தவன். எந்த ஜெர்சியில் எவ்வளவு சேறு என்று கேட்டால் சொல்வேன். எத்தனை கோல் என்று கேட்டால் நானும் உங்களைப்போல டிவியைத்தான் பார்க்க வேண்டும்.

காதர் பாய் வேறு சும்மா இருக்கமாட்டார். ரொட்டியை வீசிக்கொண்டே, "மணியப் போயி கேக்குறீங்களே. அவன் போன தடவ டீமை அம்போன்னு விட்டுட்டு ஓடியாந்த ஆளுலா" என்பார். கடையே சிரிக்கும். பாதி உண்மைதான். நம் அணி விளையாடிய மிகப் பெரிய ஆட்டத்தன்று நான் அணியோடு இல்லை. ஏன் இல்லை என்பதை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து அணிக்கு விளையாடப் போனேன். விளையாட்டு வரவில்லை, சட்டை மடிக்க வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மடித்து மடித்து அதிலேயே பேர் வாங்கிவிட்டேன். அப்புறம் ஈப்போவில் ஒரு சலவைக் கடை. புல் கறைக்கும் இரத்தக் கறைக்கும் வெந்நீர் ஆகாது என்று அங்கே கற்றதுதான் என் கல்லூரிப் படிப்பு. மாநில அணிக்காரர்கள் துணி போட வந்த இடத்தில் என்னையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலை சுலபம்போலத் தெரியும். ஆட்ட நாளில் அணியின் பேருந்து வருவதற்கு வெகு முன்பே நாங்கள் அறைக்குப் போய்விடுவோம். ஜெர்சியை முதுகெண் வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும். அதன் கீழே பெஞ்சில் கால்சட்டை. கால்சட்டைமேல் காலுறை, இடது கால் மேலே. தரையில் சப்பாத்து, மூக்கு வாசலைப் பார்த்தபடி. கேப்டன் ஹாஃபிஸுக்கு மட்டும் காலுறையில் வலது கால் மேலே இருக்க வேண்டும். மாறிப் போனால் திட்டமாட்டார், ஆனால் அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவும் மாட்டார். காலுறைமேல் ஒட்டும் நாடாகூடக் காலுறையின் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். மோதிரம், சங்கிலி, கயிறு, ரப்பர் வளையம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நாடா சுற்றி மறைத்தாலும் செல்லாது. மைதானத்துக்குள் போகும் வழியில் நடுவர்கள் வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். இந்தச் சட்டம்தான் எங்கள் தலையில் விடிந்தது.

அப்போதைய கோச் ஒரு வெள்ளைக்காரர். அவர் பிறந்த நாட்டை உலகப் படத்தில் ஒரு விரலால் மூடிவிடலாம். அதனால் நம்மைச் 'சின்ன அணி' என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நான் ஜெர்சிகளை மாட்டி முடித்ததும் தனியாக வந்து, ஒவ்வொரு ஆட்டக்காரனின் இடத்திலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்திருப்பார். எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். அந்தப் பையன் வெளியே போவதற்கு முன்னால் எதைப் பார்த்துக்கொண்டு பயப்படுவான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றார். ஒரு தடவை கோல்கீப்பருக்கு நேரே கண்ணாடி இருந்ததைப் பார்த்துவிட்டு, அதன்மேல் துண்டைப் போடச் சொன்னார்.

போட்டிக்கு முன் பத்திரிகைகளில் ஜோசியம் களைகட்டியது. எங்கள் பிரிவில் இருந்த மற்ற மூன்று அணிகளும் பெரிய கைகள். எத்தனை கோலில் தோற்போம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபாடு. கோச்சுக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. நம்மால் கோல் அடிப்பது கஷ்டம், வாங்காமல் இருக்கலாம். அதற்கு இடது பக்கம் பூட்டியிருக்க வேண்டும். அந்தப் பூட்டின் பேர் தினேஷ்.

தினேஷ் எங்கள் ஊர்ப் பையன், இடது பக்கம் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக். போட்டிக்கு முந்தைய வருஷம் அவன் முட்டியில் தசைநார் கிழிந்து, அறுவை செய்து, இனி ஆடுவானா என்று டாக்டர்களே இழுத்தார்கள். அவன் ஈப்போ கல்லுமலை முருகனிடம் வேண்டிக்கொண்டான். முட்டி சரியாகி மறுபடி நாட்டுக்கு ஆடினால் தைப்பூசத்துக்குப் பால் காவடி. முட்டி சரியாயிற்று, அணியில் இடமும் கிடைத்தது. பையன் சந்தோஷத்தில் நேரே தோட்டத்துக் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டினால் விரதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், காவடி எடுத்து முடிக்கும்வரை கழற்றக் கூடாது. பெரிய போட்டியும் தைப்பூசமும் அந்த வருஷம் ஒரே சமயத்தில் வந்து நின்றதை அவன் யோசிக்கவே இல்லை. நம்மாட்கள் சாமி காரியத்தில் நாள்காட்டியைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

புறப்படுவதற்கு முன் ஈப்போவில் ஒரு பயிற்சி ஆட்டம். சொந்த ஊர் ரசிகர்கள், நல்ல கூட்டம். வாசலில் நடுவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். தினேஷ் காப்பின்மேல் வெள்ளை நாடாவைச் சுற்றியிருந்தான். நடுவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"புக்கா," என்றார், கழற்று என்று.

"தா போலே, துவான்," என்றான் தினேஷ். முடியாது ஐயா.

இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. தினேஷ் தலையைக் குனிந்தபடி வரிசையை விட்டு விலகி அறைக்குத் திரும்பிவிட்டான். அவன் இடத்தில் ஆடிய பையன் பாவம், வலது கால்காரன். எங்கள் இடது பக்கம் கல்யாண வீட்டு வாசல்போலத் திறந்து கிடந்தது, வந்தவர்கள் எல்லாம் அந்த வழியாகவே வந்தார்கள். கோச் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். மறுநாள் பத்திரிகையில் நாடா கயிறா என்று ஒரே அமர்க்களம்.

அன்று காலையே கோச் என்னைக் கூப்பிட்டார். காலி அறையில் தினேஷின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். காப்பு என்றால் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அதைக் கழற்றினால் யாருக்குக் கோபம் வரும்?"

"யாருக்கும் வராது சார். அவனுக்கே மனசு ஒப்பாது."

அவர் எழுந்து நின்றார். "மனசு ஒப்பாத பையனைக் கூட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்ய? கழற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே. ஆனால் நாளை மறுநாள் விமானம். வேறு வழி இருந்தால் கொண்டு வா."

வழியைத் தேடிக்கொண்டு தினேஷையும் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட் போனேன். ரப்பர் தோட்டம் எப்போதோ எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டது, கோயில் அங்கேயே இருக்கிறது. பூசாரி ராமையா அண்ணன் வார நாட்களில் லாரி ஓட்டுவார். அன்றைக்கும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டுதான் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"காப்ப அறுக்கத்தான் கூடாது. சாமி முன்னால அவுத்து வேற ஆளு கையில கட்டலாம். முன்ன ஒருத்தரு காப்பு கட்டிட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. ஆப்பரேஷன் பண்ணணும், கையில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க நர்ஸுங்க. அவரு தம்பி கட்டிக்கிட்டு வெரதம் இருந்தாரு. தைப்பூசத்துக்குள்ள அண்ணங்காரரு எழுந்து வந்துட்டா அவரே காவடி எடுக்கணும். வரலேன்னா கட்டுனவரு எடுக்கணும். அம்புட்டுதான்."

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையே மாமா," என்றான் தினேஷ்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த நேரம் பார்த்துச் செம்பனை மரங்களை ரொம்ப ஆர்வமாக ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. ஆனால் கறி நம்பிக்கை அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"மத்தியானம் என்ன சாப்ட்டீங்க மணி?" என்றார் ராமையா அண்ணன்.

"காதர் பாய் கடையில... ஆட்டுக்கறி."

"செரி, போயி குளிங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க."

இப்படித்தான் கிட்மேன் கைக்குக் காப்பு வந்தது. கழற்றிய கயிற்றைத் தினேஷ் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தான். கையை நீட்டும்போது எனக்கு முந்தின நாள் ஆட்டுக்கறிதான் ஞாபகத்துக்கு வந்தது. விரதத்தை அவனும் விடவில்லை. "எதுக்குடா ரெண்டு பேரும் பட்டினி?" என்றேன். "வேண்டிக்கிட்டவன் நான்தானண்ணே," என்றான்.

போட்டி நடந்த நாட்டில் ஓட்டல் சமையல்காரர் நல்ல மனிதர். கறி வேண்டாம் என்றேன், மீன் வந்தது. மீனும் வேண்டாம் என்றேன், முட்டை வந்தது. முட்டையும் வேண்டாம் என்றதும் கோழியை மட்டும் எடுத்துவிட்டு அதே சூப்பை அன்போடு கொண்டு வந்து வைத்தார். கடைசியில் கேப்டன் ஹாஃபிஸ்தான் சமையலறைக்குள் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். வெளியூர் போனால் எதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்துச் சாப்பிட்டே பழகியவர் அவர். "விடுங்க அபாங் மணி, எனக்கு எங்க போனாலும் இதே வேலதான்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அபாங் என்றால் அண்ணன். அன்று முதல் எனக்கும் தினேஷுக்கும் சோறு, பருப்பு, காய் தனியாக வந்தது.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். ஜோசியக்காரர்கள் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். இரண்டாவது ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. அந்தப் பெரிய அணியின் வலதுபக்க ஆட்டக்காரன்மேல் தினேஷ் அட்டைபோல ஒட்டிக்கொண்டான், ஆள் எரிச்சலில் சப்பாத்தைக் கழற்றி எறிந்தான். மூன்றாவதில் ஒரு கோலில் ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று அடித்தவனுக்கே சரியாகத் தெரியாது. பந்து யார்மேலோ பட்டு உள்ளே போயிற்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தினேஷ் நேரே சலவை அறைக்கு வந்து என் கையைப் பிடித்துக் காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவான்.

பிரிவில் மூன்றாவதாக வந்தோம். மூன்றாவதாக வரும் அணிகளிலும் சில அடுத்த சுற்றுக்குப் போகலாம். அதற்கு மறுநாள் இன்னொரு பிரிவில் நடக்கும் ஆட்டம் சமநிலையில் முடிய வேண்டும். அணி முழுக்கச் சாப்பாட்டு அறை டிவி முன்னால் கூடிவிட்டது. நானும் தினேஷும் மட்டும் சலவை அறையில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் வேறொரு கவலை. அணி வெளியேறினால் உடனே வீடு, தினேஷ் தன் காவடியைத் தானே எடுக்கலாம். அணி மேலே போனால் அடுத்த ஆட்டம் தைப்பூசத்தன்று.

சாப்பாட்டு அறையிலிருந்து கூரை பிய்வதுபோல ஒரு சத்தம் வந்தது. மேலே போய்விட்டோம். நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் தினேஷ் துண்டுக் குவியல்மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நான் ஊருக்குப் போறேண்ணே. நேர்த்தி என்னோடது."

"நீ சாமிகிட்ட என்னடா கேட்ட? ஆடணும்னு கேட்ட. முட்டியக் குடுத்து ஆட விட்டிருக்கு. இப்ப ஆடமாட்டேன்னு போயி நின்னா அது என்ன மரியாதை?"

"அப்ப நீங்க? இந்த வருசத்தோட ரிட்டையர் ஆவப் போறீங்க. இது மாதிரி மேட்ச் உங்களுக்கு இனிமே வருமாண்ணே?"

வராது. அது எனக்கும் தெரியும். இந்த நாட்டு ஜெர்சியை அப்படிப்பட்ட ஒரு ஆட்டத்துக்கு மாட்டி வைக்க வேண்டும் என்றுதானே இத்தனை காலம் துவைத்தேன். என் முகத்தை அவன் பார்க்கக் கூடாது என்று சலவை இயந்திரத்தைத் திறந்து ஈரத் துணியை எடுக்க ஆரம்பித்தேன். "போடா, போயி தூங்கு. நாளைக்கு ப்ராக்டிஸ் இருக்கு," என்றேன்.

நானே ஊருக்குப் போய்க் காவடி எடுக்கிறேன் என்று கோச்சிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. நிர்வாகத்திடம் பேசி விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, "ஜெர்சியை யார் மாட்டுவது?" என்று கேட்டார். எனக்கு உதவிக்கு வந்திருந்த ஆளைச் சொன்னேன். "இல்லை, அன்றைக்கு நான் மாட்டுகிறேன். சொல்லிக்கொடு," என்றார். தேசிய அணியின் தலைமைக் கோச்சுக்கு ஒரு மாலை முழுக்கக் காலுறை மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். மனிதர் ஆட்ட வியூகத்தில் புலி, காலுறையில் கத்துக்குட்டி. வலதும் இடதும் மாறிக்கொண்டே இருந்தது. நான் விடவில்லை. ஹாஃபிஸ் காலுறையைச் சரியாக வைக்கும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

தைப்பூசத்தன்று புந்தோங்கில் இருந்தேன். ராமையா அண்ணன் பூசை போட்டு, பால் செம்புகளைக் கட்டிக் காவடியைத் தோளில் ஏற்றிவிட்டார். அலகு கிலகு எதுவும் இல்லை, வெறும் காவடிதான். ஆனால் அதுவரை நான் தூக்கிய பாரம் எல்லாம் சக்கரம் வைத்த பெட்டிகள். போட்டி நடந்த ஊரில் மாலை ஆட்டம், நமக்கு மத்தியானம். சரியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு கல்லுமலைக்கு நடக்கிறேன், அங்கே என் பையன்கள் களத்தில் இறங்குகிறார்கள்.

காவடி எடுத்தால் மனசு சாமியிடம் இருக்க வேண்டும். என் மனசு எங்கே இருந்தது என்று முருகனுக்குத் தெரியும், மறைத்துப் பயனில்லை. தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் ஆட்கள் போனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். ஒருவர் என் காலில் தண்ணீர் ஊற்றும்போதே போனைப் பார்த்து "ஐயோ!" என்றார். எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் தெரிந்தது, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதாம். காதர் பாய் தன் கடையைச் சாத்திவிட்டு ரோட்டோரத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மணி! இன்னும் கோல் இல்ல! நம்ம தினேஷ் நிக்கிறாண்டா, சுவரு மாதிரி நிக்கிறான்!"

நான் நின்றுவிட்டேன். "நடங்க மணி," என்று ராமையா அண்ணன் பின்னாலிருந்து முதுகைத் தட்டினார். "நீங்க நின்னா அங்க ஒண்ணும் நடக்காது. பால் திரிஞ்சிரும், வாங்க."

பாதி வழிக்கு மேல் முட்டி இரண்டும் பேச ஆரம்பித்தன. மலையடிவாரம் தெரிந்தபோது கூடுதல் நேரம் என்று யாரோ கத்தினார்கள். கோயிலுக்குள் நுழைந்த பிறகு எந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை. பால் அபிஷேகமாகி ஓடியதைப் பார்த்தேன். ராமையா அண்ணன் சன்னிதியில் என் கையிலிருந்து காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டு லேசாகிவிட்டது. வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூடுதல் நேரத்தின் கடைசியில் ஒரு கோல். தோற்றுவிட்டோம்.

அழுதேன். ஒரு கோலில், அதுவும் கடைசியில். அங்கே அந்த அறையில் சேறு படிந்த ஜெர்சிகளை யார் பொறுக்குவார்கள் என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது. அணைத்து வைத்திருந்த என் போனை ராமையா அண்ணன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டதுமே மணி அடித்தது. தினேஷ்.

பின்னால் அறையில் சப்பாத்து கழற்றிப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சுப்பா. காப்பு அவுத்தாச்சு. உன் கடன் தீந்துச்சு."

"நாங்க தோத்துட்டோம்ணே."

"தெரியும்."

அப்புறம் சொன்னான்: "கடைசி வரைக்கும் ஓடுனேண்ணே. முட்டி ஒண்ணும் பண்ணல. உங்க முட்டி எப்படிண்ணே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். இரண்டும் வீங்கிப்போய் மடங்க மறுத்து நீட்டிக்கொண்டு கிடந்தன. எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

"எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்குலா," என்றேன்.